1932: தனித் தொகுதியும் தனி மைதானமும்

1

1932-ஆம் வருஷம் உலகத்தின் இரண்டு இடங்களில் ‘தனி’ என்ற சொல் பெரிய விஷயமாக இருந்தது. மார்ச் 28-ஆம் தேதி, பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த பாலஸ்தீனத்தில், டெல் அவிவ் நகரில், யூதர்களுக்கென்று தனியாக ஒரு சர்வதேச விளையாட்டு விழா தொடங்கியது. பெயர் மக்காபியா. ஆகஸ்டு மாதம் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு வகுப்புவாரித் தீர்ப்பை அறிவித்தார். அதில் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்குத் தனித் தொகுதி கிடைத்தது. காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24-ஆம் தேதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தாகி, கிடைத்த தனித் தொகுதி கைவிட்டுப் போனது.

அங்கே மைதானம், இங்கே ஓட்டுப்பெட்டி. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் பி. பாலு என்று ஒருவர் உண்டு. அரசியலுக்கு வருவதற்கு முந்தி அவர் இந்தியாவின் தலைசிறந்த பந்துவீச்சாளர். சமார் சாதியில் பிறந்தவர்.

களத்தைவிட்டுத் துரத்தப்பட்டவன் என்ன செய்வது? தனக்கென்று ஒரு களம் உண்டாக்கிக்கொள்வதா, துரத்தியவனுடைய களத்துக்குள்ளேயே முட்டி மோதி இடம் பிடிப்பதா? யூதர்கள் ஒரு பதில் சொன்னார்கள். பாலு ஒரு பதில் சொன்னார். அம்பேத்கர் கேட்டது மூன்றாவது ஒன்று. தாமிரபரணிக் கரையில் கபடி ஆடுகிற நம்ம பையன்கள் இன்னைக்கும் இந்தக் கேள்வியோடுதான் கோட்டுக்குள் இறங்குகிறார்கள். அதனால் இந்த வரலாறு நமக்கு வேண்டியதாக இருக்கிறது.

2

திருநெல்வேலிச் சீமையில் யூதர் என்ற சொல் புதுசில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் கேட்டுப் பழகியது. ஆனால் நம்ம சி.எஸ்.ஐ. சபைக்காரர்கள் கையிலிருக்கும் வேதாகமத்தில் மக்கபேயர் நூல் கிடையாது. கத்தோலிக்கர்களின் விவிலியத்தில் உண்டு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில், தங்கள் கோயிலையும் வழக்கத்தையும் ஒழிக்க வந்த கிரேக்க வம்சத்து அரசனை எதிர்த்து யூதா மக்கபேயும் அவருடைய சகோதரர்களும் ஆயுதம் எடுத்த கதை அது. இதில் ஒரு வேடிக்கை. எருசலேமில் கிரேக்கப் பாணியில் உடற்பயிற்சிக்கூடம் கட்டியதையே அந்த நூல் ஒரு கேடாகத்தான் சொல்கிறது. அந்தக் கலகக்காரர்களின் பெயரைத்தான் இரண்டாயிரம் வருஷம் கழித்து உடற்பயிற்சிக் கழகங்கள் எடுத்து வைத்துக்கொண்டன. ஒடுக்கப்பட்டவர்கள் பழைய பெயரைத் தேடிப் போவது பழமைக்காக இல்லை. இன்னைக்கு நிமிர்ந்து நிற்க ஒரு கைத்தடி வேண்டியிருக்கிறது, அதற்காக.

19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உடற்பயிற்சிக் கழகம் என்பது வெறும் தண்டால், பஸ்கி எடுக்கிற இடமில்லை. ஜெர்மன் பேசுகிற நாடுகளில் அது தேசியம் வளர்ந்த இடம். ‘நம்ம இனம், நம்ம ரத்தம்’ என்று பேசிப் பேசி உடம்பை முறுக்கிய இடம். ஒரு யூதன் எவ்வளவு சுத்தமாக ஜெர்மன் பேசினாலும் அவன் அந்த ரத்தத்தில் சேர்த்தி இல்லை. 1887-லேயே வியன்னாவில் ஒரு பெரிய கழகம் யூதர்களை வெளியே தள்ளுவதற்கென்று விதியைத் திருத்தியது. வேறு கழகங்களும் அதே வழியில் போயின. 1895-இல் கான்ஸ்டான்டிநோபிளில், இன்றைய இஸ்தான்புல்லில், ஜெர்மன்காரர்களின் கழகத்தில் இடமில்லாமல் போன யூதர்கள் சொந்தமாக ஒரு கழகம் தொடங்கினார்கள். 1898-இல் பெர்லினில் பார் கோக்பா கழகம் வந்தது. 1909-இல் வியன்னாவில் ஹக்கோவா வந்தது. ஹக்கோவா என்றால் எபிரேய மொழியில் பலம்.

பேருக்கேற்ற பலம்தான். தாவீதின் நட்சத்திரத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு ஆடினார்கள். 1923-இல் லண்டனுக்குப் போய் வெஸ்ட் ஹாம் அணியை 5-0 என்று சாத்திவிட்டு வந்தார்கள். 1924-25 பருவத்தில் ஆஸ்திரியக் கால்பந்துச் சாம்பியனே ஹக்கோவாதான். எந்த நகரம் அவர்களை ஒதுக்கியதோ அந்த நகரத்தின் கோப்பை அவர்கள் கையில்.

இந்தக் கழகங்களையெல்லாம் சேர்த்து ஒரு உலக விழா நடத்தவேண்டும் என்ற யோசனை யோசேப் யெகுத்தியேலி என்பவருடையது. ரஷ்யாவில் பிறந்து சிறு வயதில் பாலஸ்தீனத்துக்கு வந்தவர். 1932-ஐத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு கணக்கு இருந்தது. ரோமப் பேரரசை எதிர்த்து பார் கோக்பா கலகம் செய்து 1,800 வருஷம் ஆன வருஷம் அது. சேதி சொல்ல வாலிபர்கள் டெல் அவிவிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஐரோப்பா வரைக்கும் போனார்கள். யார்கோன் ஆற்றுப் பக்கம் அரங்கம் எழும்பியது. முதல் விழாவுக்குச் சுமார் 390 வீரர்கள் வந்தார்கள். 1935-இல் நடந்த இரண்டாவது விழாவுக்கு 1,350 பேர். மூன்று வருஷத்தில் எண்ணிக்கை மூன்று மடங்குக்கு மேல் ஏறியதற்கு விளையாட்டு ஆசை மட்டும் காரணமில்லை. ஜெர்மனியில் இட்லர் வந்தாயிற்று. ஓடத் தெரிந்தவன் ஓடி வந்தான், நீந்தத் தெரிந்தவன் நீந்தி வந்தான். விழா முடிந்த பிறகும் ஏகப்பட்ட பேர் ஊர் திரும்பவில்லை. பல்கேரியாவிலிருந்து வந்த கூட்டம் அப்படியே தங்கிவிட்டது, கொண்டுவந்த பேண்டு வாத்தியங்கள்தான் ஊர் திரும்பின என்று சொல்வார்கள். விளையாட்டு விழா என்ற பெயரில் அது ஒரு தப்பிக்கும் வழி. 1938-இல் நடக்கவேண்டிய மூன்றாவது விழா நடக்கவில்லை. அது 1950-இல்தான் நடந்தது. இடையில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள்.

‘பொதுக் களத்தில் திறமையைக் காட்டினால் மதிப்பு தானா வரும்’ என்று இன்னைக்கும் நமக்கு உபதேசம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று கதை சொல்லவேண்டும். ஆல்பிரட் பிளாட்டோ, குஸ்தாவ் பிளாட்டோ இரண்டு பேரும் 1896-இல் ஏதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக்கில் ஜெர்மனிக்காகத் தங்கம் வாங்கிய யூதர்கள். இரண்டு பேருமே தெரேசியன்ஸ்டாட் முகாமில் செத்தார்கள், ஒருவர் 1942-இல், மற்றவர் 1945-இல். கிரெட்டல் பெர்க்மன் 1936-இல் 1.60 மீட்டர் உயரம் தாண்டி ஜெர்மன் சாதனையைச் சமன் செய்தாள். பெர்லின் ஒலிம்பிக்குக்குக் கொஞ்ச நாள் முன்பு, உன் ஆட்டம் போதாது என்று கடிதம் வந்தது. ஹக்கோவாவின் நீச்சல்காரி ஜூடித் டாய்ச்சை ஆஸ்திரியா பெர்லினுக்குக் கூப்பிட்டது. இட்லர் முன்னால் நீந்தமாட்டேன் என்றாள். அவளுக்குத் தடை போட்டு, அவள் சாதனைகளையும் ஏட்டிலிருந்து அழித்தார்கள். ஆஸ்திரியா மன்னிப்புக் கேட்டு அவற்றைத் திருப்பிக் கொடுத்தது 1995-இல். அறுபது வருஷம் கழித்து.

3

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. 1898-இல் பாசல் நகரத்தில் நடந்த இரண்டாவது சியோனிச மாநாட்டில் மாக்ஸ் நோர்டாவ் என்ற மருத்துவர், யூதர்களுக்குத் தசைவலு வேண்டும் என்று பேசினார். சேரிகளில் அடைபட்டு, வெயில் படாமல், கூனிக் குறுகிப்போன யூத உடம்பு நிமிரவேண்டும் என்பது அவருடைய வாதம். மக்காபி இயக்கத்துக்கு வேகம் கொடுத்த பேச்சு. ஆனால் யூத உடம்பு நோஞ்சான் உடம்பு என்று எதிரி கட்டிவிட்ட கதையை அவரும் பாதி ஒத்துக்கொண்டுதான் பேசினார்.

நம்ம கதை இதற்கு நேர்மாறு. தாமிரபரணித் தண்ணீரில் காரும் பிசானமும் விளைந்தது யார் உடம்பால்? கன்னடியன் கால்வாயிலும் மருதூர்க் கால்வாயிலும் தண்ணீர் வந்தால் மட்டும் நெல்லு வந்துருமா? நாத்துப் பாவி, நட்டு, களை பறித்து, அறுத்து, கட்டுச் சுமந்து, களத்தில் அடித்து, கோட்டை கோட்டையாக அளந்து கொடுத்த உடம்பு இது. இந்த உடம்பு பலவீனமானது என்று சாதி ஒருநாளும் சொன்னதில்லை. ‘நல்ல வேலைக்காரப் பய’ என்றுதான் சொல்லும். பலம் வேண்டும், ஆனால் தொடக்கூடாது. உழைப்பு உள்ளே வரலாம், உடம்பு வெளியே நிற்கவேண்டும். ஐரோப்பா யூதனைப் பார்த்து உனக்குப் பலமில்லை என்றது. இந்து சமூகம் நம்மைப் பார்த்து உன் பலம் எனக்கு, உன் தீட்டு உனக்கு என்றது.

அதனால்தான் பாலுவின் கதையை நிறுத்திப் படிக்கவேண்டும். பல்வாங்கர் பாலு பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மைதானம் பெருக்கி, வலை கட்டி, வெள்ளைக்காரத் துரைகளுக்கு மணிக்கணக்கில் பந்து போட்டுப் போட்டுச் சுழற்பந்து கற்றவர். துரைகளை ஜெயிக்க இந்துக்களுக்கு அந்தக் கை தேவைப்பட்டது. சேர்த்துக்கொண்டார்கள். ஆட்டத்தில் அவர் தொட்ட பந்தையே பிராமண ஆட்டக்காரர்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்குப் பந்தலுக்கு வெளியே, தனி மண்குவளையில் தேநீர். கோட்டுக்கு உள்ளே தீட்டில்லை, கோட்டுக்கு வெளியே தீட்டு. 1906-இல் பம்பாயில் இந்து அணி ஐரோப்பிய அணியைத் தோற்கடித்ததில் அவருக்குப் பெரிய பங்கு. 1911-இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து போன அணியில் 114 விக்கெட் எடுத்தார். அவ்வளவு எடுத்தும் இந்து அணிக்கு அவர் தலைவராக முடியவில்லை. தம்பி வித்தல் 1923-இல்தான் தலைவரானார். அதற்கும் முன்பாக, சகோதரர்கள் அணியைவிட்டு விலகிச் சண்டை போடவேண்டியிருந்தது.

அந்தப் பம்பாய்ப் போட்டியின் அமைப்பையே கவனிக்கவேண்டும். பார்சி, ஐரோப்பியர், இந்து, முஸ்லிம் என்று மதவாரியாகத்தான் அணிகள். 1937-இல் ‘மற்றவர்கள்’ என்று ஐந்தாவது அணி சேர்ந்தது. இந்தியக் கிறிஸ்தவர், ஆங்கிலோ-இந்தியர், யூதர் எல்லாம் அதில். 1946 வரைக்கும் இப்படித்தான் ஆடினார்கள். பம்பாயில் இருந்த சின்னஞ்சிறு யூத சமூகத்துக்குக்கூட ‘மற்றவர்’ என்று ஒரு வாசல் இருந்தது. கோடிக்கணக்கில் இருந்த நமக்கு? நம்மை யாரும் கேட்கவே இல்லை. இந்துக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். விக்கெட் எடுக்கும்போது இந்து. தேநீர் குடிக்கும்போது தீண்டத்தகாதவன். தனித் தொகுதி கேட்டபோதும் இதே கணக்கைத்தான் காட்டினார்கள்: நீங்கள் இந்துக்கள், பிரிந்து போகக்கூடாது.

பாலு அந்தக் கணக்கை ஒத்துக்கொண்டவர். எம்.சி. ராஜா மாதிரி அவரும் கூட்டுத் தொகுதிப் பக்கம் நின்றார். 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் அவர்தான். அம்பேத்கர் சுமார் இரண்டாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். இதை வைத்துப் பாலுவைத் துரோகி என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டுப் போவது சுலபம். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் களத்தில் ஆடி, ஒவ்வொரு படியாக மண்குவளையிலிருந்து மேசைக்கு ஏறி வந்த மனுஷனுக்கு, அந்த வழி ஒன்றுதான் கண்ணில் பட்டது. அதுதான் பொதுக் களத்தின் சூழ்ச்சி. ஒருத்தனுக்கு நாற்காலி போட்டுவிட்டு ஊருக்கே நாற்காலி போட்ட மாதிரி காட்டும்.

4

அப்படியானால் தனிக் களம்தான் வழியா? அவசரப்பட வேண்டாம். தனிக் களத்துக்கும் வேலி உண்டு. வேலி யார் கையில் என்பதைப் பார்க்கவேண்டும்.

செங்கோட்டைக் கணவாய் தாண்டி மேற்கே போனால் கொச்சி. அங்கே யூதர்கள் பல நூற்றாண்டுகளாக இருந்தார்கள். அவர்களுக்குள்ளேயே வெள்ளை யூதர், கருப்பு யூதர் என்று பிரிவு. அடிமையாக இருந்து விடுதலையானவர்களின் சந்ததிக்குப் பரதேசி ஜெபாலயத்துக்குள் சம இடம் கிடையாது. அந்தச் சந்ததியில் 1882-இல் பிறந்த ஏ.பி. சேலம், படித்து வக்கீலானவர், உள்ளே சமமாக உட்காரும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் செய்தார். கோயில் நுழைவுப் போராட்டம்தான், தெய்வம் மட்டும் வேறே. மண்ணில் சாதி இருந்தால் வந்து இறங்குகிற மதத்துக்கும் அது ஒட்டிக்கொள்ளும். நம்ம பக்கத்துச் சபைகளைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இந்த வியாதி இஸ்ரேலுக்கும் போனது. பம்பாய்ப் பக்கத்திலிருந்து குடியேறிய பெனே இஸ்ரேல் யூதர்களை, நீங்கள் முழு யூதர்தானா, கலியாணம் செய்துவைக்கும் முன் பாட்டி பூட்டி வரைக்கும் விசாரிக்கவேண்டும் என்று 1960-களின் தொடக்கத்தில் அங்கிருந்த ரபி மன்றம் சொன்னது. அவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1964-இல் மன்றம் இறங்கி வந்து, அவர்கள் எல்லா வகையிலும் முழு யூதர்களே என்று அறிவித்தது. பிறப்பை வாசலாக வைத்த எந்த வீட்டிலும் வாசல்காரன் ஒருவன் வந்து உட்கார்ந்துவிடுகிறான்.

இதைவிடப் பெரிய கேள்வி நிலத்தைப் பற்றியது. யார்கோன் ஆற்றின் வடகரையில் ஷேக் முவன்னிஸ் என்று ஒரு அரபுக் கிராமம் இருந்தது. 1948-இல் அந்த ஊர் காலியானது. அந்த இடத்தில் இன்று டெல் அவிவ் பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்தப் போரில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் ஊரிழந்தார்கள். இஸ்ரேலின் அரபுக் குடிமக்களும் மக்காபியாவில் கலந்துகொள்ளலாம் என்று விதி இருக்கிறது. இருக்கட்டும். ஊரே இல்லாதவனுக்குப் போட்டியில் இடம் கொடுத்தால் தீருமா? 2022-இல் நடந்த 21-ஆவது மக்காபியாவுக்கு உலகம் முழுவதிலுமிருந்து சுமார் பத்தாயிரம் பேர் வந்தார்கள். 2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்த போரில் காசாவில் பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். அந்த டிசம்பரில் காசா நகரத்தின் யார்மூக் அரங்கில், பிடிபட்ட பாலஸ்தீனர்களை உள்ளாடையோடு நிறுத்திவைத்திருந்த படங்களை உலகம் பார்த்தது. 2025 ஜூலையில் நடக்கவிருந்த மக்காபியா, ஈரானுடனான போரால் ஒரு வருஷம் தள்ளிப்போடப்பட்டது.

உடற்பயிற்சிக் கழகத்திலிருந்து துரத்தப்பட்டவர்களின் வாரிசுகளுடைய ராணுவம் ஒரு விளையாட்டரங்கத்தையே காவல் கொட்டடியாக்கியது. இதைச் சொல்வதால் ஹக்கோவாவின் வெற்றி பொய்யாகிவிடாது. ஜூடித் டாய்ச்சின் மறுப்புச் சின்னதாகிவிடாது. துரத்தப்பட்டவனுக்குக் களம் வேண்டும் என்பது நியாயம். அடுத்தவனைத் துரத்திவிட்டுப் போட்ட களத்தில் அந்த நியாயம் நிற்காது. இரண்டையும் சேர்த்துச் சொல்லவேண்டியது ஒடுக்கப்பட்டவர்களின் கடமை. நாமே சொல்லாவிட்டால் வேறே யார் சொல்வார்கள்?

5

இனி நம்ம ஆற்றங்கரைக்கு வருவோம்.

கபடிக் களம் என்பது ஆண்களுக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நம்ம கணக்கில் மூன்று செண்டுக்குக் கொஞ்சம் மேல். கிரிக்கெட்டுக்கு ஏக்கர் கணக்கில் வேண்டும், மட்டை வேண்டும், பந்து வேண்டும். கபடிக்கு மூச்சு போதும், மூணு செண்டு போதும். நிலமில்லாதவன் ஆட்டமாக அது இருப்பதற்கு இதுதான் காரணம். அந்த மூணு செண்டும் எத்தனை ஊரில் நம்ம பேரில் இருக்கிறது? ஊர்த் திடல் என்பார்கள், பொது என்பார்கள். கொடை நடக்கும்போது அது யார் திடல் என்று தெரிந்துவிடும். நமக்குக் கிடைப்பது அறுத்து முடித்த வயல், கால்வாய்க் கரைப் புறம்போக்கு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருக்கிற முள்ளுக்காடு.

இன்னொன்றும் பாருங்கள். கபடி தொடுகிற ஆட்டம். பாடிப் போகிறவன் தொட்டால் எதிரி அவுட். நாலு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தால் பாடிப் போனவன் அவுட். தொடக்கூடாத உடம்பு என்று சொல்லி வைத்திருக்கிற மண்ணில், தொட்டு ஜெயிக்கிற ஆட்டம். ‘ஏலே தொட்டுட்டேம்லா’ என்று ஒரு கீழத்தெருப் பையன் கத்தும்போது மேலத்தெருக்காரனுக்குப் போவது ஒரு பாயிண்டு மட்டுமா? அதனால்தான் இங்கே கபடி முடிந்தபிறகும் முடிவதில்லை.

செட்டின் பெயரைக் கேட்டால் தெரு தெரிந்துபோகும், தெரு தெரிந்தால் சாதி தெரிந்துபோகும். பனியன் நிறத்திலேயே சேதி இருக்கும். பம்பாயில் 1946-இல் நின்றுபோன சாதிமத அணி ஆட்டம் நம்ம ஆற்றங்கரையில் பேர் சொல்லாமல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆக, தனியாக விளையாடலாமா என்பது நமக்குக் கேள்வியே இல்லை. தனியாகத்தான் விட்டுவைத்திருக்கிறார்கள். ஆனால் ஒதுக்கப்பட்டது வேறே, ஒதுங்கி நின்று சொந்தமாகக் கட்டிக்கொண்டது வேறே. யூதனிடம் கடை இருந்தது, பணம் இருந்தது, பத்து நாட்டில் சங்கம் இருந்தது. கழகம் கட்டினான். நம்ம தென்மாவட்டத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. கோயில் வாசலில் தடுக்கப்பட்ட நாடார்கள் மகமைப் பணம் சேர்த்துப் பள்ளிக்கூடம் கட்டினார்கள், 1910-இல் மகாஜன சங்கம் கண்டார்கள், 1921-இல் தூத்துக்குடியில் பேங்கே தொடங்கினார்கள். அவர்களுக்கு வியாபாரம் இருந்தது. கூலிக்கு நாத்து நட்டவனுக்கு எந்த மகமை? நமக்கென்று 1892-இல் அரசாங்கம் ஒதுக்கிய பஞ்சமி நிலம்கூடக் கைமாறிப்போய்க் கிடக்கிறது. மைதானம் என்பது முதலில் நிலம். பிறகுதான் விளையாட்டு.

இத்தனை குறையோடும் நம்ம ஆட்கள் உலகத்தை ஜெயித்திருக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டம் மணத்தி ஊரில் பிறந்த கணேசன், 1994 அக்டோபரில் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்தியக் கபடி அணியில் ஆடினார். அர்ஜுனா விருதும் வாங்கினார். அவர் வாழ்க்கையிலிருந்து கரு எடுத்து மாரி செல்வராஜ் 2025-இல் ‘பைசன்’ படம் எடுத்தார். சாதிச் சண்டைக்கு நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிய ஒரு வாலிபன் கதை.

தேதிகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஹிரோஷிமாவில் தங்கம், 1994 அக்டோபர். அடுத்த பத்தே மாதத்தில், 1995 ஆகஸ்டு 31-ஆம் தேதி, அதே மாவட்டத்தில் கொடியன்குளம். நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்கள் ஊருக்குள் புகுந்து, வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் வாங்கிய டி.வி., மிக்சி, தையல் மிஷின் எல்லாவற்றையும் நொறுக்கினார்கள். குடிதண்ணீர்க் கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று மக்கள் சொன்னார்கள். பிளாட்டோக்களின் தங்கம் அவர்களைக் காப்பாற்றவில்லை என்றேனே, அது தூர தேசத்துக் கதையில்லை. பதக்கம் ஒரு கழுத்தில் தொங்கும். லத்தி ஊர் முதுகில் விழும்.

1999 ஜூலை 23-ஆம் தேதி மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளிகளுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்கள் தடியடிக்குப் பயந்து தாமிரபரணிக்குள் ஓடினார்கள். ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1997 ஜூலை 14-ஆம் தேதி, மக்காபியா தொடக்க விழாவுக்கு நடந்து வந்த ஆஸ்திரேலிய வீரர்களோடு யார்கோன் ஆற்றின் தற்காலிகப் பாலம் இடிந்து விழுந்தது. நாலு பேர் செத்தார்கள். அந்த வழக்கில் பொறியாளர், கட்டியவர், விழா அமைப்பாளர் என்று ஐந்து பேர் தண்டிக்கப்பட்டார்கள். தாமிரபரணியில் விசாரணைக் கமிஷன் நடந்தது. போலீஸ்காரர் ஒருவரும் ஜெயிலுக்குப் போகவில்லை. தண்ணீரில் விழுந்த உடம்புக்குக் கணக்குக் கேட்க ஆள் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

இது பழங்கதை இல்லை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் கையில் சாதிக் கயிறு கட்டுகிறார்கள் என்று 2015-லேயே பேச்சு எழுந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அறிக்கை வந்து ஒரு வருஷம் முடியவில்லை. 2025 மார்ச்சில், ஸ்ரீவைகுண்டம் பக்கம், பரீட்சை எழுதப் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவனைப் பஸ்ஸை மறித்து இறக்கிக் கைவிரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் அவன் ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். எதிரியைத் தொட்ட விரலைத்தான் வெட்டியிருக்கிறார்கள். பந்தலுக்கு வெளியே வைத்த மண்குவளைக்கும் இந்த அரிவாளுக்கும் நடுவே நூறு வருஷம் ஓடியிருக்கிறது. சாதி ஓடவில்லை.

6

என்ன செய்வது?

1932 வகுப்புவாரித் தீர்ப்பைப் பற்றி நம்மவர்களே பலர் மறந்துபோன ஒரு விஷயம் உண்டு. அதில் கிடைத்தது தனி ஓட்டு மட்டும் இல்லை, இரட்டை ஓட்டு. தனித் தொகுதியில் நம்ம ஆளை நாமே தேர்ந்தெடுக்க ஒரு ஓட்டு. பொதுத் தொகுதியில் எல்லோரோடும் சேர்ந்து போட இன்னொரு ஓட்டு. பிரிந்து போவதற்கு அம்பேத்கர் வழி கேட்டதாகச் சொன்னது அபாண்டம். சொந்தக் காலில் நின்றுகொண்டு பொது வாசலில் நுழைவதற்கே அவர் வழி கேட்டார். பூனா ஒப்பந்தம் இடங்களை 71-இலிருந்து 148 ஆக உயர்த்திக் கொடுத்துவிட்டு, நம்ம ஆளை நாமே தேர்ந்தெடுக்கிற கடைசி உரிமையை வாங்கிக்கொண்டது.

மைதானத்திலும் இதுதான் கேள்வி. மார்க் ஸ்பிட்ஸ் என்ற அமெரிக்க நீச்சல்காரன் 15 வயதில், 1965-இல், மக்காபியாவில் நீந்தி வெளியே தெரிந்தவன். 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வாங்கினான். சொந்தக் களம் ஒரு கால், பொதுக் களம் ஒரு கால். இரண்டு காலில் நின்றால்தான் மனுஷன் ஓடமுடியும். அதே மியூனிக்கில் இஸ்ரேல் அணியைச் சேர்ந்த 11 பேர் கொல்லப்பட்டார்கள் என்பதையும் மறக்கவேண்டாம். பொதுக் களம் பொதுவாகத் தானே இருந்துவிடாது, அதைக் காவல் காக்கவேண்டும்.

நமக்கு வேண்டியது பிறப்புச் சான்றிதழ் பார்த்து உள்ளே விடுகிற ஒரு தலித் மக்காபியா இல்லை. அந்த வாசல்காரன் வேலை நமக்கு வேண்டாம். பள்ளர், பறையர், அருந்ததியர் என்று நமக்குள்ளேயே கோடு போட்டு ஆடுகிற கேவலமும் வேண்டாம். வேண்டியது மூன்று. முதலாவது, காலனிக்கு ஒரு களம். மூணு செண்டு புறம்போக்கு இல்லை. நம்ம பெயரில் பட்டாவோடு, பெண்பிள்ளைகளும் இருட்டின பிறகு பயமில்லாமல் ஆட விளக்கோடு ஒரு களம். பஞ்சமி நில மீட்பைப் பற்றிப் பேசுகிற இயக்கங்கள் நெல் விளைகிற நிலத்தோடு ஆட்டம் விளைகிற நிலத்தையும் கேட்கவேண்டும். இரண்டாவது, யார் ஆடுவது என்று முடிவு பண்ணுகிற இடத்தில் நம்ம ஆள். பாலுவுக்குத் திறமை போதாமல் தலைமை போகவில்லை, தேர்ந்தெடுக்கிற மேசையில் அவர் பக்கத்து ஆள் இல்லாமல் போனது. மாவட்டக் கபடிக் கழகத்திலிருந்து மாநிலத் தேர்வுக் குழு வரை இதே கதைதானா என்று கேட்கவேண்டும். மூன்றாவது, ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் பாதுகாப்பு. ஜெயித்தவன் முழு விரலோடு வீடு திரும்பாத மைதானத்தைப் பொது மைதானம் என்று சொல்லக்கூடாது.

களம் நம்மதாக இருக்கட்டும். கதவு திறந்தே இருக்கட்டும். மேலத்தெருப் பையனும் வரட்டும், வந்து தொடட்டும், தொடப்படட்டும். ஆனால் கதவு சாவி நம்ம இடுப்பில் இருக்கவேண்டும். பூனாவில் விட்டது அந்தச் சாவியைத்தான்.